நாளைக்கு ஸ்கூல் உண்டா? நியூயார்க் பனியும் மேயர் ஆபீஸும்

2016 ஜனவரி 23, சனிக்கிழமை. அந்தப் புயல்ல சென்ட்ரல் பார்க்ல மட்டும் 27.5 இன்ச் பனி. 1869லேர்ந்து அங்க எழுதி வெச்சிருந்த கணக்குல அதைவிட பெருசா எதுவும் கிடையாது. அடுத்த திங்கக்கிழமை காலையில நியூயார்க் ஸ்கூலுங்க எல்லாம் வழக்கம்போல திறந்திருந்துச்சு. அப்படியே 2019 மார்ச் 4க்கு வாங்க, அதுவும் திங்கக்கிழமைதான், விழுந்தது சுமார் அஞ்சு இன்ச், ஊர் முழுக்க ஸ்கூல் லீவு.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாலே தெரிஞ்சுடும், இன்ச் கணக்கு மட்டும் பாத்து இந்த ஊர்ல லீவை கணிக்க முடியாது. ஆனா டிவில ஃபோர்காஸ்ட் போட்ட உடனே எல்லாரும் பாக்குறது அந்த நம்பரைத்தான். எங்க வீட்லயும் அதான் கதை, பொண்ணு போன்ல ஆப்பைத் திறந்து "அம்மா, எட்டு இன்ச் போட்டிருக்கான், கண்டிப்பா லீவு"ங்கும், சின்னவன் அதுக்குள்ள ஹோம்வொர்க்கை மூடி வெச்சுடுவான். பிள்ளைங்க விடாக்கண்டன்னா நியூயார்க் கல்வித்துறை கொடாக்கண்டன், இதை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைங்க ரெண்டுக்கும் ஏறாது.

எனக்கு இது ஒரு கிறுக்கு மாதிரி ஆகிப்போச்சு, ஒத்துக்குறேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு, முந்தின நாள் சாயங்காலமே தெரிஞ்சாதான் யார் வீட்ல இருக்கிறதுன்னு பேசி முடிக்க முடியும். அதனால வானத்தையும் மேயர் ஆபீஸையும் சேத்துப் படிக்க ஆரம்பிச்சேன், இப்ப எங்க பில்டிங்ல பாதி பேரு என்கிட்டதான் வந்து கேக்குறாங்க.

முதல்ல வானம். நியூயார்க்குக்கு பெரிய பனி கொண்டு வர்றது பெரும்பாலும் நார்ஈஸ்டர்னு சொல்ற கடலோரப் புயல்தான். கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஏறி வரும், வடகிழக்குலேர்ந்து காத்தடிக்கும். வானிலைக்காரங்க பெஞ்ச்மார்க்னு ஒரு புள்ளி வெச்சிருக்காங்க, வடக்கே 40 டிகிரி, மேற்கே 70 டிகிரி, நடுக்கடல்ல. புயல் அந்தப் புள்ளி கிட்ட கடந்து போச்சுன்னா நமக்கு நல்ல பனி. அதுக்கு உள்பக்கமா, கரையை உரசிக்கிட்டு வந்துச்சுன்னா கடல் காத்து உள்ள புகுந்து பனி மழையாயிடும், வெளிப்பக்கமா விலகிடுச்சுன்னா ஒண்ணுமே இல்ல, வெறும் காத்துதான். இதுல ஐம்பது மைல் அங்க இங்க நகர்றதுதான் லீவுக்கும் ஸ்கூலுக்கும் உள்ள வித்தியாசம். ஐம்பது மைல்ங்கிறது கடல் மேல ஒரு புயலுக்கு ஒண்ணுமே இல்லாத தூரம், அதை ரெண்டு நாள் முன்னாடியே சரியா சொல்லுன்னா யாரால சொல்ல முடியும்?

2015 ஜனவரி கடைசியில நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். ரெண்டு அடி, அதுக்கு மேலயும் வரலாம், சரித்திரத்துலயே பெருசுன்னு சொல்லி ஊரையே பயமுறுத்திட்டாங்க. 26ம் தேதி ராத்திரி 11 மணிக்கு சுரங்க ரயிலான சப்வேயை நிறுத்தினாங்க, பனிக்காக மொத்த சப்வேயையும் மூடினது அதுதான் முதல் தடவை. அதுலயும் வேடிக்கை, பாசஞ்சர் இல்லாம வெறும் ட்ரெயின் சுரங்கத்துக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. மறுநாள் ஸ்கூல் லீவு. விடிஞ்சு பாத்தா சென்ட்ரல் பார்க்ல 9.8 இன்ச். ஆனா ஐம்பது மைலுக்குள்ள இருக்கிற லாங் ஐலண்ட் ஐஸ்லிப்ல 24.9 இன்ச்! புயல் வந்துச்சு, சொன்ன மாதிரியே வந்துச்சு, கொஞ்சம் கிழக்க தள்ளி வந்துச்சு அவ்வளவுதான். பக்கத்து நியூஜெர்சியில மவுண்ட் ஹாலி ஆபீஸ்ல இருந்த கேரி ஷட்கோவ்ஸ்கிங்கிற வானிலை அதிகாரி ட்விட்டர்ல வெளிப்படையாவே மன்னிப்பு கேட்டாரு. 2012 சாண்டி புயலுக்கு அப்புறம் எல்லாரும் தலைல தூக்கி வெச்சுக் கொண்டாடின யூரோ மாடல், அதாவது ஐரோப்பாக்காரங்களோட கம்ப்யூட்டர் கணிப்பு, அந்தத் தடவை சறுக்கிடுச்சு, எல்லாரும் மட்டம் தட்டிக்கிட்டு இருந்த அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடல்தான் கிட்டத்தட்ட சரியா சொல்லியிருந்துச்சு.

அதனால மாடல் படத்தை தூக்கிப் போட்டு முப்பது இன்ச்னு ஷேர் பண்றவங்களை நம்பாதீங்க. அமெரிக்க அரசோட வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸ் சைட்ல ஒரே புயலுக்கு மூணு மேப் போடுவாங்க, குறைஞ்சபட்சம், எதிர்பார்க்குறது, அதிகபட்சம்னு. எனக்கு நடு மேப் அவ்வளவு முக்கியமில்ல. ஓரத்துல இருக்கிற ரெண்டுக்கும் எவ்வளவு இடைவெளின்னுதான் பாப்பேன். உதாரணத்துக்கு ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 9னு இருந்தா அவங்களுக்கு தெளிவா தெரியுதுன்னு அர்த்தம், 1ம் 14ம்னு இருந்தா அவங்களும் குழம்பிக்கிட்டு இருக்காங்க, அப்ப நடு மேப்ல 7னு போட்டிருக்கிறதுக்கு மதிப்பே கிடையாது. நியூயார்க்கைப் பாத்துக்குற ஆபீஸ் லாங் ஐலண்ட்ல அப்டன்ங்கிற ஊர்ல இருக்கு, அங்க டியூட்டில இருக்கிறவங்க ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்னு ஒண்ணு எழுதிப் போடுவாங்க, எந்த மாடல் என்ன சொல்லுது, எதை நம்புறோம், எதை நம்பலைன்னு மனசு விட்டு எழுதியிருப்பாங்க. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், ரெண்டு மூணு புயலுக்கு படிச்சா பழகிடும். டிவி ஆங்கருங்க கத்துறதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம், ஒரு இன்ச் தண்ணி பத்து இன்ச் பனியாகும்ங்கிறது ஒரு தோராயக் கணக்கு. நல்ல குளிரா இருந்தா பொசபொசன்னு அதைவிட அதிகமா குவியும், 32 டிகிரி ஃபாரன்ஹீட் கிட்ட இருந்தா சொதசொதன்னு கனமா கொஞ்சமாத்தான் நிக்கும். மேல எங்கயோ ஒரு சூடான காத்து அடுக்கு நுழைஞ்சுட்டா பனி உருகி மறுபடி உறைஞ்சு ஐஸ் குருணையா கொட்டும். 2017 மார்ச் 14 அதே கதைதான், ஒன்றரை அடிக்கு மேலன்னு சொன்னாங்க, குருணை கலந்துடுச்சு, சென்ட்ரல் பார்க்ல 7.6 இன்ச்தான். அதுல சுவாரசியம் என்னன்னா, முந்தின நாள் சாயங்காலமே பனி குறையலாம்னு வெதர் சர்வீஸ்ல தெரிஞ்சிருக்கு, கடைசி நேரத்துல மாத்திச் சொன்னா ஜனங்க அசட்டையா வெளிய போயிடுவாங்கன்னு பெரிய நம்பரையே விட்டுட்டாங்க. ஸ்கூல் லீவு ஏற்கனவே விட்டாச்சு. மார்ச் மாசத்துல இன்னொண்ணும் இருக்கு, வெயில் ஏறிடுச்சுன்னா பகல்ல லேசா விழுற பனி புல்லு மேல நிக்கும், தார் ரோட்டுல நிக்காது. அதனால ஜனவரி அஞ்சு இன்ச்சும் மார்ச் அஞ்சு இன்ச்சும் ஒண்ணு இல்ல.

சரி, வானம் இவ்வளவு போதும். நான் நிஜமா பாக்குறது கடிகாரத்தை.

நியூயார்க்ல ஸ்கூலை மூடுறது மேயரும் ஸ்கூலுங்களுக்குத் தலைமை அதிகாரியான சான்சலரும் சேந்து எடுக்குற முடிவு. சுமார் 9 லட்சம் பிள்ளைங்க, நாட்டுலயே பெரிய ஸ்கூல் சிஸ்டம், அத்தனைக்கும் ஒரே முடிவு. ஊரோட தெற்கு ஓரம் ஸ்டேட்டன் ஐலண்ட் கோடியில மழையா இருந்தாலும் வடக்கு ஓரம் பிராங்ஸ்ல முழங்கால் அளவு பனி இருந்தாலும் ஒரே பதில்தான். நியூஜெர்சி, லாங் ஐலண்ட் பக்கம் ஊர் ஊருக்கு தனி டிஸ்ட்ரிக்ட், அவங்க ரெண்டு மணி நேரம் லேட்டா திறக்கிறோம்னு ஈஸியா சொல்லிடுவாங்க, இங்க அந்த நடுவழி பெரும்பாலும் கிடையாது. பெரும்பாலான பிள்ளைங்க நடந்தோ சப்வேலயோ சிட்டி பஸ்லயோதான் போறாங்க, மஞ்சள் பஸ்ல போறது சுமார் ஒன்றரை லட்சம் பேரு, அதுல நிறைய பேரு ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைங்க. மொத்தத்துல இவங்க சின்னப் பங்குதான், ஆனா எல்லா முடிவும் இவங்களைச் சுத்திதான் சுத்துது.

எங்க தெருவுல ஒரு அக்கா ஸ்கூல் பஸ்ல மேட்ரனா வேலை பாக்குறாங்க, டிரைவர் கூடவே போய் பிள்ளைங்களை ஏத்தி இறக்குற வேலை. அவங்க ஒரு தடவை சொன்னதுதான் எனக்கு கண்ணைத் திறந்துச்சு. "மெயின் ரோட்டைப் பத்தி யாருக்கும்மா கவலை, அதை ராத்திரியே வழிச்சுப் போட்டுடுவாங்க. பனி வழிக்கிற பிளோ வண்டி ஓரத்துல ஒதுக்கி வெச்சுட்டுப் போகுதே ஒரு மேடு, அதான் பிரச்சினை. வீல்சேர் லிஃப்டை இறக்க சமமா இடம் வேணும், அங்க மலையா குமிச்சு வெச்சிருந்தா எங்கம்மா இறக்குறது?" அதுக்கப்புறம் நானும் கவனிச்சேன். பனி வழிக்கிற வண்டிங்க பெரும்பாலும் குப்பை லாரி முன்னாடி பிளேடை மாட்டி விடுறதுதான். அது தள்ளித் தள்ளி நிறுத்தி வெச்சிருக்கிற கார்களை ஒட்டி ஒரு சுவர் மாதிரி எழுப்பிடும், பத்து மணி நேரத்துல அது இறுகி கல்லாயிடும். பஸ் ஓரம் கட்ட முடியாது, நடுரோட்டுல நிக்கும், பின்னாடி வண்டிங்க ஹாரன் அடிக்கும், பிள்ளைங்க அந்த மேட்டை ஏறி இறங்கி வரணும். ஸ்னோ எத்தனை இன்ச்ங்கிறதை விட அது எப்ப நின்னுச்சு, வழிச்சு முடிக்க எத்தனை மணி நேரம் கிடைச்சுதுங்கிறதுதான் கணக்கு.

அதான் 2016ல 27 இன்ச்சுக்கு திங்கக்கிழமை ஸ்கூல் திறந்தாங்க, புயல் சனிக்கிழமை ராத்திரியோட ஓய்ஞ்சுடுச்சு, ஞாயித்துக்கிழமை முழுசா கையில இருந்துச்சு. அப்பயும் ஊரோட கிழக்குப் பகுதியான குயின்ஸ் பக்கம் நிறைய தெரு வழிக்காமலே கிடந்து ஜனங்க திட்டினது தனிக்கதை. குயின்ஸ்காரங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் பழசு, 1969 பிப்ரவரில 15 இன்ச் பனி விழுந்து நாள் கணக்கா குயின்ஸ் தெருங்களுக்கு வண்டியே வரல, அப்ப மேயரா இருந்த ஜான் லிண்ட்ஸே பேரையே அந்தப் புயலுக்கு வெச்சுட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு சிகாகோவுல மேயர் பிலாண்டிக் பனியை சரியா வழிக்கலைன்னுதான் கட்சிக்குள்ள நடக்குற பிரைமரி தேர்தல்ல ஜேன் பைர்ன் கிட்ட தோத்தாரு. பனின்னா மேயருங்களுக்கு ஏன் குலை நடுங்குதுன்னு இப்ப புரியுதா.

மோசமான நேரம் எதுன்னா பகல்ல ஆரம்பிச்சு ஸ்கூல் விடுற நேரத்துல உச்சத்துக்கு வர்றதுதான். 2018 நவம்பர் 15ம் தேதி அதான் நடந்துச்சு, ஒரு இன்ச் வாக்குல வரும்னு சொன்னது மத்தியானத்துக்கு மேல பிச்சுக்கிட்டு கொட்டி சென்ட்ரல் பார்க்ல 6.4 இன்ச். மரத்துல இலைகூட முழுசா உதிரல, கிளைங்க முறிஞ்சு ரோட்டுல விழுந்துச்சு, ஜார்ஜ் வாஷிங்டன் பிரிட்ஜ்ல விபத்து, ஸ்கூல் பஸ்ஸுங்க டிராஃபிக்ல மாட்டி சில பிள்ளைங்க நடுராத்திரி வரைக்கும் வீடு வந்து சேரல. 2014 ஜனவரி 28ம் தேதி அட்லாண்டாவுல இதைவிடக் கொடுமை, வெறும் 2.6 இன்ச், எல்லாரும் ஒரே நேரத்துல ஆபீஸ், ஸ்கூல் எல்லாத்தையும் விட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க, ரோடு ஐஸாயிடுச்சு, பிள்ளைங்க ராத்திரி ஸ்கூல்லயே தூங்கினாங்க. அதனால என் கணக்குல, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிகாலை மூணுக்கு ஓய்ஞ்சுடுற ஆறு இன்ச்சுக்கு ஸ்கூல் உண்டு. காலை அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கிற அதே ஆறு இன்ச்சுக்கு மேயர் கை நடுங்கும்.

அடுத்து பாக்குறது, போன தடவை யாரு எதுக்கு அடி வாங்கினாங்கன்னு. இதை யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா இதுதான் பாதி கணிப்பு. 1978க்கு அப்புறம் நியூயார்க் ஸ்கூலுங்க பனிக்காக மூடினது 1996 ஜனவரிலதான், நடுவுல 18 வருஷம்! மூடவே கூடாதுங்கிறதுதான் அப்ப கௌரவம். அந்தப் பழைய கௌரவத்தோடதான் 2014 பிப்ரவரி 13ல மேயர் டி பிளாசியோ பதவிக்கு வந்த ரெண்டாவது மாசமே ஸ்கூலைத் திறந்து வெச்சாரு. பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, சான்சலர் கார்மென் ஃபரீனா மீடியா முன்னாடி வந்து வெளிய ரொம்ப அழகான நாளா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு வந்த பிள்ளைங்க பாதிகூட இல்ல, சுமார் 45 சதவீதம்தான். டிவி வானிலைக்காரர் ஆல் ரோக்கர் ஒலிம்பிக்ஸுக்காக ரஷ்யாவுல சோச்சில இருந்துக்கிட்டே ட்விட்டர்ல மேயரை வெளுத்து வாங்கினாரு. அந்த "அழகான நாள்" அவங்களை விடவே இல்ல. அதுக்கப்புறம் 2015, 2017னு கொஞ்சம் சந்தேகம் வந்தாலே முந்தின நாளே மூடுற பழக்கம் வந்துடுச்சு. 2018 நவம்பர்ல அடி வாங்கின அதே குளிர்காலத்துலதான் அந்த 2019 மார்ச் அஞ்சு இன்ச் லீவு. அது எனக்கு ஆச்சரியமாவே இல்ல.

ஆனா மூடுறது சும்மா ஈஸியான முடிவும் இல்ல, ஃபரீனாவை கிண்டல் பண்ணினவங்க இதை மறந்துடுறாங்க. இந்த ஊர்ல நிரந்தர வீடு இல்லாம ஷெல்டர்லயும் சொந்தக்காரங்க வீட்லயும் இருக்கிற ஸ்கூல் பிள்ளைங்களே ஒரு லட்சத்துக்கு மேல. ஸ்கூல்ல கிடைக்கிற காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் நிறைய வீட்ல கணக்குல இருக்கிற சாப்பாடு, 2017லேர்ந்து எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். நர்ஸ், கிளீனிங், கடைன்னு ஒரு நாள் வரலைன்னா சம்பளம் போயிடுற அம்மாங்க எத்தனை பேரு. என்னை மாதிரி லேப்டாப்பை சமையலறை மேடைல வெச்சு வேலை பாக்குறவங்க லீவு விடுங்கன்னு கத்துறது ஈஸி.

வெறும் குளிருக்கு லீவு எதிர்பார்க்கவே பார்க்காதீங்க. சிகாகோவுல 2019 ஜனவரி 30ல மைனஸ் 23 ஃபாரன்ஹீட் போச்சு, ரெண்டு நாள் ஸ்கூலை மூடினாங்க, இங்க அந்த அளவுக்கு இறங்குறது கிடையாது. குளிருதுன்னா இன்னொரு ஸ்வெட்டர்தான்.

சாயங்காலம் என்ன பாக்கணும்னு கேட்டா, வெளிய திறந்த தண்டவாளத்துல ஓடுற சப்வே லைனை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்கன்னா வாய்ப்பு ஏறிடும். கவர்னர் ரோட்டுல வண்டியே ஓடக்கூடாதுன்னு தடை போட்டா கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம் லீவுதான். தெரு கூட்டுறதுக்காக காரை நகத்தச் சொல்ற பார்க்கிங் ரூலை தள்ளி வெச்சிருக்காங்கங்கிறதை எல்லாம் அறிகுறியா எடுத்துக்காதீங்க, அது தும்மினாலே தள்ளி வெப்பாங்க.

இப்ப கொஞ்ச வருஷமா ஆட்டமே மாறிடுச்சு. கொரோனாவுக்கு அப்புறம் ஸ்னோ டேங்கிற பனி லீவுக்கு பதிலா, வீட்லேர்ந்தே ஆன்லைன்ல படிக்கிற ரிமோட் டேன்னு கொண்டு வந்தாங்க. காரணம் காலண்டர்தான். ஸ்டேட் சட்டப்படி 180 நாள் வகுப்பு நடத்தணும், இல்லைன்னா ஸ்டேட் கொடுக்குற பணம் குறையும், இந்தப் பக்கம் லீவு நாளு கூடிக்கிட்டே போகுது, லூனார் நியூ இயர், ஈத், 2024 நவம்பர் 1ல நம்ம தீபாவளியும் சேந்துச்சு. தீபாவளிக்கு லீவு கிடைச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னா, அதுக்காக ஒரு ஸ்னோ டேயை விட்டுக்கொடுக்கச் சொன்னா நான் கொடுத்துடுவேன், பிள்ளைங்க கொடுக்காது. பைஜாமாவை உள்பக்கம் வெளிய தெரியுற மாதிரி மாட்டிக்கிட்டு, தலகாணிக்கு அடியில ஸ்பூனை வெச்சுக்கிட்டு, டாய்லெட்ல ஐஸ் கட்டியைப் போட்டு ஃப்ளஷ் பண்ணினா பனி வரும்னு இந்த ஊர் பிள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை. என் சின்னவன் இப்ப அதுல ஸ்பூனை மட்டும் வெச்சிருக்கான், "பனி வந்தாலும் லாகின் பண்ணணுமே, எதுக்கு ஐஸை வேஸ்ட் பண்ணணும்"னான்.

முதல் பெரிய ரிமோட் டே 2024 பிப்ரவரி 13. அந்த "அழகான நாள்" நடந்து சரியா பத்து வருஷம், அதே தேதி. காலையில லாகின் பேஜே திறக்கல, லட்சக்கணக்குல பிள்ளைங்க ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க, பனி வந்தது 3.2 இன்ச்.

கணிக்கிறவங்களுக்கு இதுல பெரிய மாற்றம் ஒண்ணு இருக்கு, நிறைய பேரு கவனிக்கல. பழைய ஸ்னோ டேன்னா விடிகாலை அஞ்சு மணிக்கு ஜன்னலைத் திறந்து பாத்துட்டுகூட முடிவு சொல்லலாம். ரிமோட்னா பிள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து கிளம்புறதுக்குள்ள லேப்டாப்பைக் கையில கொடுத்து அனுப்பணும், டீச்சருக்கு பாடம் தயார் பண்ண நேரம் வேணும், அதனால முடிவு முந்தின நாள் மத்தியானத்துக்கே வந்துடுது. யூரோ மாடலோட பகல் நேரக் கணிப்பு இங்க மதியம் ஒரு மணி சுமாருக்குத்தான் வரும், அதுகூட முழுசா பாக்காம மேயர் பிரஸ் மீட்ல நிக்கணும். பதினெட்டு மணி நேரம் முன்னாடி எடுக்குற முடிவு தப்பாப் போறதுக்கு இனிமே வாய்ப்பு அதிகம்தான், ரெண்டு பக்கமும்.

அதனால இப்பல்லாம் நான் சாயங்கால நியூஸுக்கு காத்திருக்கிறதில்ல. பையன் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் பையைத் தூக்கிப் பாக்குறேன், சும்மா கனமா இருந்துச்சுன்னா லேப்டாப் வந்திருக்குன்னு அர்த்தம், நாளைக்கு யாரு வீட்ல இருக்கிறதுன்னு வீட்டுக்காரர்கிட்ட பேச்சை ஆரம்பிச்சுடலாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி வர்ற புயலுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது, வெள்ளிக்கிழமையே எதுக்கும் இருக்கட்டும்னு எல்லார் பையிலயும் திணிச்சு விட்டுடுறாங்க.